நான்கும் சேர்ந்து குறைந்தால்

1

தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் இதை விளக்கிவிட வேண்டும். இங்கே இப்போது வருகிற சில வண்டிகளில், டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். நம் ஊரில் அதற்கு விளக்கு தேவைப்படவில்லை. பின்னால் வருகிற சைக்கிள்காரர் "சார், பின் டயர்!" என்று கத்திவிட்டுத் தன் வழியே போவார். இங்கே யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லை. அதனால் விளக்கு வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் இந்த அமெரிக்கக் குளிர் ஊருக்கு வந்தது எண்பத்தேழில். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் மனோகர் அஸ்தினாபுரத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. பெரியவள் ஜெனி இந்த வருஷம்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அவள் விடுதி. வீட்டில் இருந்த வேனை அவளிடமே கொடுத்துவிட்டோம். சின்னவன் சாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்; அவனுக்கு எங்களோடு பேச நேரமிருப்பதில்லை.

நவம்பர் கடைசியில் இங்கே நாலு நாள் விடுமுறை வரும். புதன்கிழமை சாயங்காலம் ஜெனி வந்து இறங்கினாள். அவள் பையை எடுக்கப் போன நான் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினாள், ஃபேனை அணைப்பதுபோல. விளக்கு போய்விட்டது.

"என்ன பண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. அது அப்பப்போ வரும். பிரஸ் பண்ணா போயிடும்."

"எத்தனை நாளா வருது?"

தோளைக் குலுக்கினாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எந்தக் கேள்விக்கும் தரும் பதில் அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற நர்ஸை நான் என் வார்டில் சும்மா விட்டதில்லை. பெற்ற பெண்ணை விடுவேனா? சனிக்கிழமை ராத்திரி பனி கொட்டும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இவள் அதே வண்டியில் நெடுஞ்சாலையில் தனியாகத் திரும்ப வேண்டும்.

"வண்டியை இங்கேயே விட்டுட்டு பஸ்ல போ" என்றேன்.

"அப்ப நான் கிறிஸ்துமஸுக்கு வரல" என்றாள்.

சாப்பாட்டு மேஜையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

2

என் அப்பா தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் டாக்சி ஓட்டியவர். கறுப்பும் மஞ்சளுமாக ஓர் அம்பாசடர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சர்ச்சுக்குப் போவோம். அவர் மட்டும் எங்களைச் சர்ச்சில் இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுவார். கேட்டால், "எக்மோர் சவாரி வருதும்மா, கர்த்தருக்குத் தெரியும்" என்பார்.

நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கத்திரி வெயிலில், அவரோடு ஸ்டாண்டில் நிற்கிற கபாலி அண்ணனின் வண்டி வண்டலூர் தாண்டி முன் டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதியது. பின்னாலேயே சவாரி போய்க்கொண்டிருந்த அப்பாதான் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கபாலி அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு கால் போய்விட்டது. அப்பா அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடியில் உட்கார்ந்தே இருந்தார்.

ஸ்டாண்டில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வெயிலில் காற்று உப்பி வெடித்துவிட்டது. அந்த வருஷத்திலிருந்து கத்திரி பிறந்தால் அப்பாவுக்கு ஒரு சடங்கு உண்டு. காலையில் முதல் வேலையாக நாலு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, வால்வைக் கொண்டை ஊசியால் அமுக்கி, 'உஸ்'ஸென்று கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார். கொண்டை ஊசி என்னுடையது. அளவு பார்க்கக் கருவியெல்லாம் கிடையாது. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார், அவ்வளவுதான். கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னால், "இன்னாத்துக்கு? கைக்குத் தெரியாதது கேஜுக்குத் தெரியப்போவுதா?" என்பார். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரிவரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடிய பாதி வண்டிகள் மே மாதத்தில் இப்படிக் காற்று இறக்கப்பட்டுத்தான் ஓடின.

3

அம்மா இறந்த பிறகு, போன ஜூனில் அப்பாவை இங்கே வரவழைத்தோம். விசா கொடுப்பவர், "தொழில்?" என்று கேட்டிருக்கிறார். "டிரைவர். ரிட்டயர்டு." "அங்கே போய் வண்டி ஓட்டுவீர்களா?" "ஓட்டச் சொன்னா ஓட்டுவேன் சார்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஜன்னலில் சொல்லக்கூடாத உண்மை அது. பிழைக்க வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான் இங்கிருந்து உறுதிமொழிப் பத்திரம், வங்கிச் சான்று, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் அனுப்பி, இரண்டாம் தடவைதான் கிடைத்தது.

வந்து இறங்கியவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். வெளியே நடந்தால் கடை இல்லை, ஆள் இல்லை. பேரனுக்குத் தமிழ் புரியாது, பேத்திக்குப் பாதி புரியும், பேசக் கொஞ்சம்தான் வரும். காலமெல்லாம் வண்டி ஓட்டியவர் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே வருவார். ஒருநாள் சாப்பிடும்போது, "எனக்கு இங்க இன்னாம்மா வேலை கீது? சொல்லேன்" என்றார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அந்த மஞ்சள் விளக்கை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்தது. சாவியைத் திருப்பும்போது எல்லா விளக்கும் ஒரு தரம் எரிந்து அணையுமே, அப்போது பார்த்துவிட்டார்.

"இது இன்னா?"

"டயர்ல காத்து கம்மியானா எரியும்ப்பா."

"எந்தச் சக்கரம்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"எத்தினி கம்மின்னு?"

"அதுவும் சொல்லாது."

"அப்ப சும்மா பேஜார் பண்றதுக்குத்தான் கீதா?" என்று சிரித்தார். இங்கே வந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பி, மாடம்பாக்கத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். தினமும் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்து, அமெரிக்காவில் ஹாரனே அடிக்க மாட்டார்கள் என்று சொல்கிறாராம். யாரும் நம்புவதில்லையாம்.

4

வியாழக்கிழமை கடைகள் மூடியிருந்தன. வெள்ளிக்கிழமை ஒரு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். சக்கரத்தில் இருக்கும் சென்சார் துருப்பிடித்திருக்கலாம், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார். மனோகர், "கம்ப்யூட்டர் மாதிரிதான், ரீசெட் பண்ணிப் பார்ப்போம்" என்றார். அவருக்கு எல்லாமே கம்ப்யூட்டர்.

எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. பேஷண்ட்டைத் தொட்டுப் பார்க்காமல் இயந்திரத்தைச் சந்தேகப்படுவது எங்கள் தொழிலில் தப்பு. முதலில் பேஷண்ட்டைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் ஒரு கேஜ் வாங்கிக்கொண்டேன். பேனா மாதிரி இருக்கிறது, வால்வில் வைத்து அழுத்தினால் அடியிலிருந்து ஒரு குச்சி எண்ணோடு வெளியே வருகிறது. ராத்திரி உட்கார்ந்து வண்டியோடு வந்த புத்தகத்தையும் படித்தேன்.

படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்த விளக்குக்குக் காற்றைப் பற்றி எதுவுமே தெரியாது! அது பார்ப்பது சக்கரங்களின் வேகத்தை மட்டும்தான். காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் சிறுத்துப்போகும். சிறுத்த சக்கரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். நாலில் ஒன்று இப்படித் தனியாகச் சுற்றினால் விளக்கு எரியும். நாலும் ஒரே மாதிரி குறைந்துவிட்டால் வித்தியாசமே இருக்காது. விளக்கு எரியாது. அதைவிட மோசம் அந்தப் பட்டன். டயரில் சரியாகக் காற்று நிரப்பிய பிறகுதான் அதை அழுத்த வேண்டும். குறைந்திருக்கும்போது அழுத்தினால், அந்தக் குறைந்த காற்றையே சரியான காற்று என்று வண்டி எடுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை, வண்டி இரவு முழுக்க நின்று டயர் ஆறியிருந்தபோது, மனோகரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் குந்தினேன். கதவோரத்தில் ஒட்டியிருந்த சீட்டு, காற்று முப்பத்தைந்து பவுண்டு இருக்க வேண்டும் என்றது. முதல் சக்கரம் இருபத்திரண்டு. கேஜில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி வைத்தேன். இருபத்திரண்டுதான். இரண்டாவதும் இருபத்திரண்டு. மூன்றாவது ஒன்று கூடக்குறைய. நாலாவது, வலது பின் சக்கரம், பதினாறு.

குளிரில் காற்று சுருங்கும், தெரியும். ஆனால் அது ஐந்தாறு குறைக்கும், இவ்வளவு குறைக்காது. ஒரு சக்கரம் ஒழுகலாம். மூன்று சக்கரம் பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவுக்கு ஒழுகுமா?

கையுறை இருந்தும் விரல் மரத்துவிட்டது. இருந்தாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. என்னென்னவோ நினைப்பு. எங்கள் வீட்டிலும் நாலு பேர். வந்த புதிதில் வாரா வாரம் ஊருக்குப் பேசினோம். பிறகு மாசத்துக்கு ஒரு தரம், பிறகு பண்டிகைக்கு. வீட்டில் தமிழ், பிறகு பாதித் தமிழ், பிறகு திட்டுவதற்கு மட்டும் தமிழ். நாலு பேரும் சேர்ந்தே குறைந்தோம், அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஜெனி வெளியூர் போய் இரண்டு வாரம் போன் செய்யாமல் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவளைக் குறை சொன்னேன்.

வலது பின் சக்கரத்துக்கு நம் ஊர்ப் பஞ்சர் கடை வைத்தியம்தான் செய்தேன். அங்கே டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். இங்கே டியூப் இல்லை, அதனால் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து டயர் முழுக்க ஊற்றினேன். டயரில் ஒன்றுமில்லை. வால்வின் வாயில் மட்டும் சின்னச் சின்னதாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. அந்த வால்வுக்கு மூடி இல்லை. உள்ளே இருக்கும் ஊசி லேசாகச் சாய்ந்திருந்தது, யாரோ மெல்லிய கம்பியால் குத்தி அமுக்கியதுபோல.

கொண்டை ஊசி!

5

அடுப்படியில் ஜெனி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா இந்த வண்டில ஏதாவது பண்ணாரா?" என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஜூலையில் ஒரு வாரம் இங்கேயும் வெயில் கொளுத்தியது. நயாகரா பார்க்க எட்டு மணி நேரப் பயணம் கிளம்பினோமே, அதற்கு முந்தின நாள். கடைக்குப் போய்த் திரும்பியவள், தாத்தா வாசலில் சக்கரம் சக்கரமாகக் குந்துவதைப் பார்த்திருக்கிறாள். என் மேஜையிலிருந்து எடுத்த கொண்டை ஊசி கையில். இவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாராம். பிறகு வானத்துச் சூரியனைக் காட்டி, டயரைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து "டமார்" என்றாராம். பிறகு இவள் தலையைத் தொட்டுக் காட்டினாராம். உனக்காகத்தான் என்று இவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் வண்டியை ஓட்டியது ஜெனி. கையாலே பார்த்து இறக்கியதில் ஒரு சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் விளக்கு எரிந்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் தாத்தா முகம் வெளுத்துவிட்டதாம். பின்னால் நாங்கள் மூவரும் தூக்கம். நான் எழுந்தால் தாத்தாவைத் திட்டுவேன் என்று பட்டனை அழுத்தியிருக்கிறாள். தாத்தா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாராம்.

"ஹீ வாஸ் ஸோ ஹேப்பிம்மா" என்றாள் ஜெனி. "அன்னிக்கு ஃபுல்லா அவர் பிரேக்கே போடல."

ஒரு வார்த்தை பேச்சில்லாமல் கிழவனும் பேத்தியும் சேர்ந்து இந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். நாலு மாதம் என் பெண் அந்தக் காற்றில் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறாள். காற்று குறைந்த டயர்தான் நெளிந்து நெளிந்து சூடாகி வெடிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எதற்குப் பயந்து அவர் இறக்கினாரோ அதைத்தான் இழுத்துவிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது.

டயர் கடையில் வால்வின் ஊசியைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். நாலிலும் முப்பத்தைந்து நிரப்பினோம். அதன் பிறகு பட்டனை அழுத்தச் சொல்லி நானே ஜெனியிடம் சொன்னேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கு எரியவில்லை. கேஜிலும் நாலும் சரி. பனியைத் தள்ளிச் சாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். சாவியை நானே அவள் கையில் கொடுத்தேன். ஜெனி புறப்படுவதற்கு முன் ஊருக்குப் போன் போட்டோம், அங்கே சாயங்காலம்.

"அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாதே. வயசானவர், தாங்க மாட்டார்" என்று மனோகர் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வேலை ஒன்றுதான் அவர் இங்கே செய்த வேலை. அதையும் தப்பு என்று எப்படிச் சொல்வது?

"வண்டி எப்டிம்மா ஓடுது?" என்றார் அப்பா. முதல் கேள்வியே அதுதான்.

"நல்லா ஓடுதுப்பா" என்றேன்.

ஜெனி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். "தாத்தா, இல்ல. டயர் காத்து கம்மி. ரொம்ப லோ."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நானும் மனோகரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எத்தினி இருந்துச்சு?" என்றார் அப்பா.

"ட்வென்டி டூ. ஒண்ணு சிக்ஸ்டீன்."

"எத்தினி இருக்கணும்?"

"தர்ட்டி ஃபைவ்."

தம்பி வீட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ போவது கேட்டது.

"அதுலயா ரோட்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தே, பாப்பா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "வெயிலுக்குத்தான் எறக்கினேன். குளிர்ல சுருங்கும்னு எனக்கு இன்னா தெரியும்? உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்டா கண்ணு..."

"எனக்குத் தெரியும் தாத்தா" என்றாள் ஜெனி. "டமார்."

அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். பிறகு டிரைவர் குரல் திரும்பிவிட்டது. "கேஜ் வாங்கினாளா உங்கம்மா? நீ ஒண்ணு வாங்கிக்கோ. வாரா வாரம் காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நாலும் பாரு. பாத்து எனக்கு நம்பர் சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன் தாத்தா."

நான் அதை நம்பவில்லை. எனக்கே போன் செய்யாதவள் தாத்தாவுக்கா செய்யப்போகிறாள்?

7

கிறிஸ்துமஸுக்கு ஜெனி வந்தாள். முதல் நாள் சாயங்காலம் நாலு மணி நேரம் ஓட்டி வந்தவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் நான் மட்டும் எழுந்து ஊருக்குப் போன் செய்தேன். அங்கே சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

"அப்பா, ஹேப்பி கிறிஸ்துமஸ். ஜெனி பத்திரமா வந்துட்டா."

"தெரியும்மா. பாப்பா அங்கேந்து கெளம்பறப்பவே போன் பண்ணிச்சு. நாலும் தர்ட்டி ஃபைவ் கீதாம். போன வாரம் ஒண்ணு ரெண்டு கொறஞ்சிருந்துச்சு, ரொப்பிக்கச் சொன்னேன்."

"போன வாரமும் பண்ணாளா?"

"வாரா வாரம் பண்ணுதே. உங்கிட்ட சொல்லல? நம்பரைச் சொல்லிட்டு, கபாலி எப்டி கீறாரு, நம்ம வூட்டு நாய் எப்டி கீதுன்னு கேட்டுட்டுத்தான் வைக்கும். தமிழ் முன்னைக்கு நல்லா வருது. நாந்தான் இங்கிலீஷ்ல வீக்கு."

ஜெனி தூங்கும் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, உன் வண்டில எத்தினிம்மா கீது?" என்றார் அப்பா.

"என் வண்டியா? அது பழசுப்பா, அதுல விளக்கெல்லாம் கிடையாது."

"வெளக்கை யாரு கேட்டா? நீ எத்தினி வெச்சிருக்கே?"

"பார்க்கலப்பா."

"போய்ப் பாத்துட்டு வா. நான் லைன்லயே கீறேன்."

ரிசீவரை மேஜையில் படுக்க வைத்தேன். கேஜை எடுத்துக்கொண்டு, செருப்போடு பனியில் இறங்கிப் போனேன்.